'பூனைதானே!' என்று சொல்லிவிடாதீர்கள்



வளர்த்த பூனை செத்துப்போன வீட்டில் என்ன நடக்கும் என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. பிள்ளை அடுப்படி மூலையில் உட்கார்ந்து தேம்பிக்கொண்டிருக்கும். வேலைக்காட்டிலிருந்து களைத்து வந்த பெரியவர் ஒருவர், "சீ, பூனைதானே! இதுக்குப் போயி யாராச்சும் அழுவாங்களா? எந்திரி, மொகத்தக் கழுவு" என்பார். அண்டை வீட்டுப் பையன் ஒருவன் வாலைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு போய், லயத்துக்குப் பின்னால் ஓடும் கால்வாயில் வீசிவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டு வருவான். விஷயம் முடிந்துவிட்டது என்று எல்லோரும் நினைப்பார்கள்.

முடிந்துவிடுகிறதா? உங்களையே கேட்டுப் பாருங்கள். சிறு வயதில் உங்களுக்கு வாய்பாடு சொல்லிக்கொடுத்த ஆசிரியரின் பெயர்கூட மறந்திருக்கலாம். அன்று உங்கள் காலடியில் சுற்றிய பூனையின் பெயர் மறந்துவிட்டதா? அதன் நிறம், காது நுனியில் இருந்த வெட்டு, எந்தச் சாக்கின் மேல் படுத்துத் தூங்கும் என்பது... எல்லாம் இப்போதும் கண்முன் நிற்கிறதல்லவா?

பட்டணத்து மக்களுக்கு இதைக் கொஞ்சம் விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கும். தோட்டத்து வாசகர்களுக்கு வேண்டியதில்லை. தாயும் தகப்பனும் விடியுமுன் எழுந்து பெரட்டுக்குப் போய்விடுவார்கள். கைப்பிள்ளை ஆயாக்கொட்டகையில் இருக்கும். பெரிய பிள்ளைகள் பள்ளியில் இருப்பார்கள். இவ்விரண்டுக்கும் நடுவில் ஒரு வயது உண்டு. ஆயாக்கொட்டகைக்குப் பெரிதாகி, பள்ளிக்கு இன்னும் சிறிதாக இருக்கும் வயது. அந்தப் பிள்ளைக்குப் பகல் முழுவதும் துணை யார்? கண் தெரியாத பாட்டி ஒருத்தி. வாசற்படியில் வெயில் காயும் பூனை ஒன்று.

பிள்ளை சொல்லும் கதையைக் குறுக்கே பேசாமல் அந்தப் பூனை கேட்கும். தட்டில் ஒதுக்கிய நெத்திலித் தலையை வாங்கிக்கொள்ளும். சம்பள நாள் இரவில் அப்பா குடித்துவிட்டு வந்து சத்தம் போடும்போது, போர்வைக்குள் நுழைந்து பிள்ளையின் வயிற்றோடு ஒட்டிப் படுத்துக் குறுகுறுவென்று ஒலி எழுப்பும். அந்த இரவுகளைக் கடந்து வந்தவர்கள் இதைப் படிக்கும்போது தலையசைப்பார்கள் என்று எனக்குத் தெரியும்.

பல வீடுகளில் பிள்ளை பார்க்கும் முதல் சாவு தாத்தாவின் சாவு அன்று, பூனையின் சாவுதான். அந்தச் சாவை வீட்டார் எப்படி நடத்துகிறார்கள் என்பதைப் பிள்ளை ஒரு சொல்லும் பேசாமல் கவனித்துக்கொண்டே இருக்கிறது. நேற்றுவரை மடியில் தூங்கியது இன்று கால்வாயில் மிதக்கிறது என்றால், அந்தப் பிள்ளையின் மனத்தில் என்ன கேள்வி எழும்?

வானத்திலிருந்து இறங்கிய பூனைகள்

பூனை தின்று தூங்குவதைத் தவிர வேறொன்றும் அறியாது என்று சொல்பவர்களும் உண்டு. அவர்களுக்காக ஒரு செய்தி.

1960-ஆம் ஆண்டு மார்ச் மாதம். சரவாக் அப்போது பிரிட்டிஷ் ஆட்சியில் இருந்தது. மலேசியாவில் சேர்ந்தது 1963-ல்தான். அங்கே கெலாபிட் மலைநாட்டில் பாரியோ என்று ஓர் ஊர். சாலை கிடையாது. பயிர்களை எலிகள் நாசம் செய்துகொண்டிருந்தன. சிங்கப்பூரில் தளம் வைத்திருந்த பிரிட்டிஷ் விமானப்படை, பெரிய சரக்கு விமானம் ஒன்றில் மூன்று டன்னுக்கு மேல் சாமான்களை ஏற்றிச் சென்று அந்த ஊரின் மேல் பாராசூட்டில் இறக்கியது. சாமான்களோடு இறங்கியவை என்ன தெரியுமா? இருபதுக்கும் மேற்பட்ட பூனைகள்! எலிகளோடு போர் புரிய அனுப்பப்பட்ட படை அது. மலேரியாக் கொசுவை ஒழிக்க வீடுகளில் அடித்த டிடிடி மருந்தால் உட்பகுதிப் பூனைகள் செத்துப்போனதே காரணம் என்று பிற்பாடு பேசப்பட்டது. கதை வெளிநாடுகளுக்குப் போகப் போக இருபது பூனை பதினாலாயிரம் பூனையாகிவிட்டது! கதை வளர்ந்தது வேறு விஷயம். பூனை இல்லாத ஊர் என்ன பாடு படும் என்பது உண்மையல்லவா?

லயத்து வீட்டில் அரிசிச் சாக்கைக் காத்ததும், பலகைச் சுவரின் இடுக்கில் வந்த பாம்பை மயிர் சிலிர்த்து நின்று காட்டிக்கொடுத்ததும் யார்? பெரட்டில் பேர் கொடுக்காமலே வேலை செய்த தொழிலாளி அது. சம்பளம் மீன் தலை.

சகுனமும் பாசமும்

ஆனால், நம்மவர்கள் பூனையைப் பார்க்கும் பார்வை சற்று விசித்திரமானது. வெளியே புறப்படும்போது பூனை குறுக்கே போனால் திரும்பி வந்து ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டுப் போகிறோம். அதே பூனையைக் கொன்றால் பெரும் பாவம் என்றும் பாட்டிமார் சொல்லக் கேட்டிருக்கிறோம். கம்பர் தம்மைத் தாழ்த்திச் சொல்ல வேண்டி வந்தபோது, பாற்கடல் முழுவதையும் நக்கிக் குடித்துவிடலாம் என்று ஆசைப்பட்ட பூனையைத்தான் தமக்கு உவமை ஆக்கிக்கொண்டார். பாரதியாரோ ஒரு வெள்ளைப் பூனை ஈன்ற பல நிறக் குட்டிகளைக் காட்டி, மனிதரில் நிறம் பார்ப்பவர்களைக் கண்டித்தார். வைணவப் பெரியோரில் ஒரு சாரார், குட்டியை வாயால் கவ்விப் பத்திரமாகக் கொண்டுபோகும் தாய்ப்பூனையைக் கடவுளின் அருளுக்கு ஒப்பிட்டார்கள்.

மாமல்லபுரத்தில் அர்ச்சுனன் தபசு என்று பெயர்பெற்ற பெரிய பாறைச் சிற்பத்தைப் படத்திலாவது பார்த்திருப்பீர்கள். அதில் ஒரு பூனை முன்னங்கால்களைத் தலைக்கு மேல் தூக்கித் தவம் செய்கிறது. சுற்றிலும் எலிகள்! ஏழாம் நூற்றாண்டுச் சிற்பியின் குறும்பு அது. பூனையைக் கள்ளத் தவசி ஆக்கிவிட்டான்.

நம் அண்டை வீட்டு மலாய்க்காரர்களைப் பாருங்கள். அவர்களுக்குப் பூனை என்றால் தனிப் பிரியம். பள்ளிவாசல் திண்ணையிலும் சாப்பாட்டுக் கடை நாற்காலியிலும் பூனை படுத்திருக்கும், யாரும் விரட்டமாட்டார்கள். நபிகள் நாயகத்தின் தோழர் ஒருவரின் பெயர் அபூ ஹுரைரா. 'பூனைக்குட்டியின் தந்தை' என்பது அப்பெயரின் பொருள். தோட்டத்தை ஒட்டிய கம்பத்திலிருந்து நம் லயங்களுக்கு எத்தனை பூனைக்குட்டிகள் வந்திருக்கும்! வாங்கிய குட்டிக்குக் காசு கொடுக்க முடியாது; வாங்கமாட்டார்கள். தீபாவளிக்கு ஒரு தட்டு முறுக்கு போகும். அவ்வளவுதான் கணக்கு.

எங்கள் வீட்டுக்கும் அப்படித்தான் ஒன்று வந்தது. குளுவாங் பக்கத்தில் ஒரு ரப்பர்த் தோட்டம். முழுக் கறுப்பு, நெஞ்சில் மட்டும் ஒரு வெள்ளைப் பொட்டு. கறுப்புப் பூனை வீட்டுக்கு ஆகாது என்றார் அப்பா. அம்மா பதில் பேசாமல் ஒரு மங்கில் பழையசோற்றுத் தண்ணீரை ஊற்றி வைத்தார். கறுப்பாயி என்று பெயர் வைத்தது பாட்டி. பதின்மூன்று ஆண்டுகள் எங்களோடு இருந்தது. அம்மா மரம் வெட்டிவிட்டுப் பால் நிறுத்துத் திரும்பும் நேரம் அதற்கு மணி பார்க்காமலே தெரியும். லயத்துக் கோடியில் போய் நிற்கும். ஒட்டுப்பால் வாடை வீசும் அம்மாவின் கைலியில் முகத்தைத் தேய்த்துக்கொண்டே வீடுவரை நடந்து வரும். மழைக்காலத்தில் வேலை இல்லாத நாள்களிலும் போய் நின்றுவிட்டு ஏமாந்து திரும்பும்.

கடைசி மாதங்களில் அது நிறையத் தண்ணீர் குடித்தது, உடம்பு இளைத்தது. கிழப் பூனைகளுக்குச் சிறுநீரகம் பழுதாவது வழக்கம் என்பது பிறகு தெரிந்துகொண்ட செய்தி. ஒருநாள் காலையில் விறகு அடுக்கின் அடியில் கிடந்தது. நோயுற்ற பூனை ஒதுங்கிப் போய் மறைவிடம் தேடும். பல வீடுகளில் 'சொல்லாமல் போய்விட்டது' என்று பூனையைப் பற்றிப் பேசுவது அதனால்தான்.

பாட்டி தம்முடைய பழைய சேலையில் ஒரு துண்டைக் கிழித்தார். மஞ்சள் தண்ணீர் தெளித்தார். அப்பா மண்வெட்டியை எடுத்துக்கொண்டு முருங்கை மரத்தடிக்குப் போனார். ஒருவரும் எங்களை அழாதே என்று சொல்லவில்லை. அன்று மாலை பக்கத்து வீட்டம்மா வந்து, "என்ன ஆயா, பூனை செத்துப்போச்சாமே?" என்று கேட்டபோது பாட்டி, "ஆமாண்டி, அவ போயிட்டா" என்றார். செத்துப்போச்சு என்றும் சொல்லவில்லை, அது என்றும் சொல்லவில்லை. மூலையில் உட்கார்ந்திருந்த அப்பா நிமிர்ந்து பார்த்தார். பதின்மூன்று வருடமாக 'அந்தக் கறுப்பு' என்றே சொல்லி வந்தவர், அதன்பின் ஒருமுறைகூட அப்படிச் சொல்லி நாங்கள் கேட்டதில்லை.

'அது' அல்ல, 'அவள்'

படிப்பில்லாத பாட்டி சொன்ன அந்த 'அவ' என்ற சொல்லுக்குப் பெரிய இடத்தில் துணை இருப்பதைப் பல காலம் கழித்து அறிந்தேன். திருவண்ணாமலையில் வாழ்ந்த இரமண மகரிஷி மிருகங்களை 'அது' என்று சொல்வதில்லை. 'அவன்', 'அவள்' என்றே சொல்வார். அவருடைய ஆசிரமத்துக்கு 1926-ல் கன்றாக வந்த பசு லட்சுமி. 1948 ஜூன் 18-ஆம் நாள் அவள் உயிர் பிரிந்தபோது மகரிஷி அருகிலேயே இருந்தார். முறைப்படி சமாதி வைத்தார்கள்; அவளைப் பற்றி மகரிஷியே ஒரு வெண்பாவும் எழுதினார். இன்றும் அங்கே போனால் லட்சுமியின் சமாதியோடு வள்ளி என்ற மானின் சமாதியையும், ஜாக்கி என்ற நாயின் சமாதியையும், ஒரு காக்கையின் சமாதியையும் பார்க்கலாம். ஆமாம், காக்கைக்கும்!

இதே திருவண்ணாமலை மாவட்டத்தில் எடுத்தனூர் என்று ஒரு சிற்றூர். அங்கே ஒரு நடுகல் கிடைத்தது. பல்லவ மன்னன் மகேந்திரவர்மன் காலத்துக் கல். அதுவும் ஏழாம் நூற்றாண்டுதான். ஆநிரையைக் காக்கப் போராடி மாண்ட கருந்தேவக்கத்தி என்ற வீரனுக்காக நட்டது. வில்லோடு நிற்கும் வீரனின் பக்கத்தில் ஒரு நாய் நிற்கிறது. கல்லில் நாயின் பெயரும் இருக்கிறது: கோவிவன். இரண்டு கள்வர்களைக் கடித்துவிட்டுத் தன் தலைவனைக் காத்து நின்றது என்று அதன் செயலையும் வெட்டி வைத்திருக்கிறார்கள். விழுப்புரம் மாவட்டத்து அரசலாபுரத்தில் ஒரு சேவலுக்கே கல் நட்டிருக்கிறார்கள்.

வாசகர்களே, யோசித்துப் பாருங்கள். அந்தக் காலத்தில் கல்வெட்டில் பெயர் வருவது லேசான காரியமா? எத்தனையோ குடியானவர்கள் பெயரில்லாமல் மண்ணோடு மண்ணானார்கள். ஆனால் கோவிவன் என்ற நாயின் பெயரை ஏறக்குறைய பதினான்கு நூற்றாண்டுகள் கழித்து இங்கே ஜொகூரில் உட்கார்ந்து நாம் படிக்கிறோம். வளர்த்த பிராணியின் சாவுக்கு அழுவது வெள்ளைக்காரன் பழக்கம், நமக்கு ஏன் என்று கேட்பவர்களிடம் இந்தக் கல்லைப் பற்றிச் சொல்லுங்கள்.

பூனைக்கு மட்டும் அந்தப் பாக்கியம் கிட்டவில்லை. ஒரே நூற்றாண்டில் நாய்க்கு நடுகல்லும் பூனைக்குக் கேலிச் சிற்பமும் கிடைத்திருக்கின்றன. பூனைக்குரிய மரியாதையைக் கடல் கடந்த நாடுகளில்தான் தேட வேண்டியிருக்கிறது.

பண்டை எகிப்தில் வீட்டுப் பூனை இறந்தால் வீட்டார் அனைவரும் புருவத்தை மழித்துக்கொள்வார்கள் என்று கிரேக்க ஆசிரியர் ஹெரோடோட்டஸ் எழுதி வைத்திருக்கிறார். அதற்கும் முந்தியது சைப்ரஸ் தீவில் கிடைத்த புதைகுழி. 2004-ல் ஆராய்ச்சியாளர்கள் அதைப் பற்றி வெளியிட்டார்கள். சுமார் 9,500 ஆண்டுகளுக்கு முன் ஒரு மனிதரைப் புதைத்த இடத்துக்கு ஒரு முழம்கூட இல்லாத தூரத்தில் ஒரு பூனையையும் புதைத்திருக்கிறார்கள். பூனைக்கு வயது ஏறக்குறைய எட்டு மாதம். மனிதரும் பூனையும் ஒரே திசை நோக்கி வைக்கப்பட்டிருக்கிறார்கள். எழுத்து தோன்றாத காலம் அது. பெயர் தெரியாது, உறவு தெரியாது. ஆனால் அந்தக் குழியைத் தோண்டியவர் 'பூனைதானே' என்று சொல்லவில்லை என்பது மட்டும் தெரிகிறது.

எகிப்தின் கதைக்கு ஒரு பின்குறிப்பும் உண்டு. அங்கே பதப்படுத்திப் புதைத்த பூனைகள் இலட்சக்கணக்கில் மண்ணுக்கடியில் கிடந்தன. 1890-ல் அவற்றில் ஏறக்குறைய 19 டன்னைக் கப்பலில் ஏற்றி இங்கிலாந்தின் லிவர்பூல் துறைமுகத்துக்குக் கொண்டுபோய் வயலுக்கு உரமாக விற்றார்கள்! உர மூட்டை சுமந்த தோள்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

பிள்ளையிடம் என்ன சொல்வது?

இனி நம் வீட்டுக்கு வருவோம். பூனை இறந்துவிட்டது, பிள்ளை கேட்கிறது. தாய்மார் பலர், "தூங்குது கண்ணு" என்றோ, "பட்டணத்துக்குப் போயிருக்கு, வந்துரும்" என்றோ சொல்லிச் சமாளிப்பார்கள். என்னைக் கேட்டால், வேண்டாம். தூங்குவதாகச் சொன்னால் சில பிள்ளைகளுக்கு இரவில் கண்மூடவே பயம் வந்துவிடும். வந்துவிடும் என்று சொன்னால் மாதக்கணக்கில் வாசலைப் பார்க்கும். "செத்துப்போச்சு. இனி வராது. வலி இல்லை இப்போ" என்று சொல்லிவிடுங்கள். அழட்டும். கூடவே உங்களுக்கும் கண் கலங்கினால் மறைக்காதீர்கள். குழி தோண்டும்போது பிள்ளையும் கூட வரட்டும். பார்க்க விருப்பமில்லை என்றால் வற்புறுத்தவும் வேண்டாம்.

குழி இரண்டு மூன்று அடியாவது ஆழமாக இருக்க வேண்டும். கிணற்றுக்கும் ஓடைக்கும் பக்கத்தில் கூடாது. பிளாஸ்டிக் பையில் கட்டிப் போடாதீர்கள். பழந்துணியோ காகிதமோ போதும். மேலே கனமான கல் ஒன்றை வையுங்கள். இல்லாவிட்டால் நாயும் உடும்பும் தோண்டிவிடும். மறுநாள் காலையில் பிள்ளை அதைப் பார்க்கக் கூடாது.

அடுக்குமாடியில் குடியிருப்பவர்கள், "எங்களுக்கு மண் ஏது?" என்று கேட்பீர்கள். நிலம் உள்ள உறவினரையோ கம்பத்து நண்பரையோ கேட்டால் மறுக்கமாட்டார்கள். சில கால்நடை மருத்துவர்கள் எரியூட்டவும் வழி சொல்வார்கள்.

தோட்டத்தில் மட்டும் மண் நமக்கா சொந்தம்? ஜொகூரில் எத்தனையோ தோட்டங்கள் கைமாறி, வீடமைப்புத் திட்டமாகவும் தொழிற்பேட்டையாகவும் ஆகிவிட்டன. 2006-ல் இஸ்கந்தர் மேம்பாட்டுத் திட்டம் தொடங்கிய பிறகு ஜொகூர்பாரு வட்டாரம் அடையாளமே தெரியாமல் மாறியது. தாத்தாவைப் புதைத்த இடத்தையே தேடிக் கண்டுபிடிக்க முடியாமல் தவிக்கும் குடும்பங்கள் உண்டு. பூனையின் கல்லுக்கு எங்கே போவது? ஆகவே நினைவை வேறொன்றில் ஏற்றி வையுங்கள். பழைய ஆல்பத்தைத் தேடுங்கள். காதுகுத்துப் படத்திலோ பொங்கல் படத்திலோ யாருடைய காலடியிலாவது பாதி வாலாவது விழுந்திருக்கும்! இன்று கைத்தொலைபேசியில் நூறு படம் எடுக்கிறோம்; தொலைபேசி கெடும் நாளில் நூறும் போய்விடும். நல்லதாக ஒன்றைக் கடையில் கொடுத்துத் தாளில் எடுத்துச் சுவரில் மாட்டுங்கள். படத்தின் பின்னால் பெயரும் ஆண்டும் எழுதி வையுங்கள்.

தோட்டத்தை விட்டு மாறும் குடும்பங்களுக்கு ஒரு சொல். 'பூனை இடத்தைத்தான் நேசிக்கும், ஆளை அல்ல' என்று சொல்லிப் பூனையை அங்கேயே விட்டு வருகிறவர்கள் உண்டு. லயம் காலியான பிறகு அது யாருக்காக வாசலில் நிற்கும்? பெட்டியிலோ கூடையிலோ வைத்துக் கொண்டுவந்து, புது வீட்டில் இரண்டு மூன்று வாரம் வெளியே விடாமல் வைத்திருந்தால் பழகிக்கொள்ளும்.

நஞ்சைப் பற்றி

மூப்பினால் வரும் சாவைத் தடுக்க முடியாது. நல்ல கவனிப்பில் ஒரு பூனை பன்னிரண்டு முதல் பதினைந்து வயது வரை, சில சமயம் அதற்கு மேலும் வாழும். ஆனால் நம் பக்கத்துப் பூனைகள் பல அந்த வயதைக் காண்பதில்லை. காரணம் பல வேளைகளில் எலி மருந்து.

செம்பனைத் தோட்டத்தில் எலிக்குப் பஞ்சமில்லை. பழத்தைத் தின்ன வரும் எலிகளுக்கு மருந்து வைக்கிறார்கள். சில தோட்டங்களில் எலி பிடிக்க வெண்கூகைகளுக்குப் பெட்டி வைத்து வளர்க்கிறார்கள். ஆந்தை என்றால் பயப்படும் நம்மவர்கள் இதைக் கேட்டு முகம் சுளிக்கலாம். ஆனால் மிகப் பயனுள்ள பறவை அது. மருந்து தின்ற எலி உடனே சாகாது. தள்ளாடித் திரியும். தள்ளாடும் எலியைப் பிடிப்பது பூனைக்குச் சுலபம். அந்த எலியைத் தின்றால் நஞ்சு பூனைக்கும் ஏறிவிடும், கூகைக்கும் அப்படியே. இப்போது வரும் புதுவகை மருந்துகள் உடலில் வாரக்கணக்கில் தங்குகின்றன.

இரத்தத்தை உறைய விடாமல் செய்வதே இந்த நஞ்சின் வேலை. இரண்டு மூன்று நாள் ஒன்றும் தெரியாது. பிறகு பூனை சோர்ந்து படுக்கும். ஈறு வெளுத்துப்போகும். மூச்சு வாங்கும். மூக்கிலோ மலத்திலோ இரத்தம் தெரியலாம். மந்திரிக்க ஓடாதீர்கள், கால்நடை மருத்துவரிடம் ஓடுங்கள். மாவட்டக் கால்நடை அலுவலகத்தில் கேட்டால் வழி சொல்வார்கள். வைட்டமின் கே என்ற மாற்று மருந்து உண்டு. நேரத்தோடு கொடுத்து, வாரக்கணக்கில் தொடர்ந்தால் பிழைக்க வாய்ப்பு உண்டு. மருந்தின் உறை கிடைத்தால் கையோடு எடுத்துச் செல்லுங்கள். வீட்டில் எலி மருந்து வைக்காமல் எலிப்பொறி வைப்பதே பூனை உள்ள வீட்டுக்கு நல்லது.

இன்னொன்று. இதைத் தயவுசெய்து பக்கத்து வீட்டாரிடமும் சொல்லுங்கள். பூனைக்குக் காய்ச்சல் என்று நினைத்துப் பாசத்தோடு பனடோல் வில்லையைப் பொடித்துப் பாலில் கலந்து கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். நமக்கு நல்லதைச் செய்யும் அந்த வில்லை பூனைக்குக் கொடிய நஞ்சு. அரை வில்லைகூடக் கூடாது. பூனையின் உடம்புக்கு அதைச் செரித்து வெளியேற்றும் சக்தி இல்லை. ஈறு பழுப்பாகும், முகம் வீங்கும், மூச்சுத் திணறிச் சாகும்.

அடுத்த குட்டி எப்போது?

பூனை போன மறுநாளே ஒரு குட்டியைக் கொண்டுவந்து பிள்ளையின் மடியில் போட்டு, "இந்தா, புதுசு" என்று சொல்லும் மாமாக்கள் எல்லாக் குடும்பத்திலும் இருக்கிறார்கள். நல்ல மனத்தோடுதான் செய்கிறார்கள். ஆனால் உடைந்த கிளாசுக்குப் பதில் கிளாஸ் வாங்குவது போன்ற காரியமா இது?

ஜப்பானில் வாகயாமா என்ற மாவட்டத்தில் கிஷி என்று ஒரு சிறிய இரயில் நிலையம். ஆட்கள் குறைந்து, மூடப்படும் நிலைக்கு வந்த பாதை அது. அங்கே சுற்றிக்கொண்டிருந்த தாமா என்ற மூவண்ணப் பெண் பூனையை 2007 ஜனவரியில் இரயில் நிர்வாகம் நிலைய அதிபராகவே நியமித்தது! தலையில் தொப்பி, சம்பளம் பூனை உணவு. பார்க்க வந்த கூட்டத்தால் அந்தப் பாதையே பிழைத்துக்கொண்டது. 2015 ஜூன் 22-ல், பதினாறு வயதில் தாமா இறந்தாள். இறுதிச் சடங்குக்கு ஏறக்குறைய மூவாயிரம் பேர் திரண்டார்கள். அடுத்த அதிபராக நிதாமா என்ற பூனை தயாராகவே இருந்தது. என்றாலும் ஐம்பது நாள் துக்கம் காத்த பிறகே அதைப் பதவியில் அமர்த்தினார்கள். நிதாமா என்றால் 'இரண்டாம் தாமா'.

நம் வீட்டில் இத்தனை நாள் என்று கணக்கு வேண்டியதில்லை. பிள்ளையே ஒருநாள் கம்பத்துப் பக்கம் போய் வந்து, "அங்க ஒரு குட்டி இருக்கும்மா" என்று சொல்லும். அதுவரை பொறுங்கள். குட்டி வந்ததும் அதற்குப் புதுப் பெயர் ஒன்றைப் பிள்ளையே வைக்கட்டும். பழைய பூனையின் தட்டை இதற்குக் கொடுக்கலாமா என்பதையும் பிள்ளையிடமே கேளுங்கள். சில பிள்ளைகள் கொடுத்துவிடுவார்கள். சில பிள்ளைகள் அந்தத் தட்டைக் கழுவிப் பரண்மேல் எடுத்து வைத்துவிட்டு, புதியதற்கு ஒரு தேங்காய்ச் சிரட்டையைத் தேடி எடுத்துக்கொண்டு வருவார்கள்.